பட்டாபியின் ஆள்காட்டி விரல்

"இங்கடா, இங்க. அணிலை இந்த இடத்துக்குத் தள்ளு."

"எங்க சார்?"

"இதோ விரலை வெச்சுக் காட்டிண்டிருக்கேனே, தெரியலையா?"

தெரியவில்லை. எப்படித் தெரியும்? பட்டாபி விரலை வைத்திருந்தது டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில், சாப்பாட்டு மேஜை மேல் இருந்த தன் சொந்த லேப்டாப்பின் திரையில். படம் போடும் வெங்கிக்கு வீடு ஊரின் இன்னொரு கோடியில், துவாரகாவில். விரல் அவ்வளவு தூரம் எட்டாது என்பது இந்த ஐந்து மாதத்தில் மனுஷனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

"சார், வாயால சொல்லுங்க சார். லெஃப்டா, ரைட்டா?"

"வாயால சொல்றதுக்கு நான் என்ன ரேடியோவா? விரலைப் பாருடா."

அவருக்கு வந்த ஆத்திரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. பன்னிரண்டு வருஷமாக அவர் ஸ்டூடியோ நடத்தியதே அந்த ஆள்காட்டி விரலை வைத்துத்தான். கோல் மார்க்கெட்டில் ஒரு காபிப்பொடிக் கடைக்கு மேல் மாடியில் 'பட்டாபி கிரியேட்டிவ்ஸ்'. போஸ்டர், கல்யாணப் பத்திரிகை, குழந்தைகளுக்கான படப் புத்தகம், எது வந்தாலும் செய்வதற்கு மூன்று பேர். வெங்கி படம் போடுவான். ஜ்யோத்ஸ்னா பக்கம் அமைப்பாள். பிரதீப் வாசகம் எழுதுவான். பட்டாபி அவர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, திரையில் விரலைப் பதித்து, "இதை அந்தப் பக்கம் தள்ளு" என்பார். தள்ளியதும், "வேண்டாம், பழைய இடத்துக்கே கொண்டு போ" என்பார். இதற்குப் பெயர் கிரியேட்டிவ் டைரக்ஷன் என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருந்தார். ஆறு மணிக்கு மூன்று திரைகளிலும் அவருடைய ரேகை படிந்திருக்கும். ஜ்யோத்ஸ்னா துணியால் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

மார்ச் மாதம் கொரோனா வந்தது. மூன்று பேரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஜூன் மாதம் ஆபீஸ்களைத் திறக்கலாம் என்று அரசாங்கம் சொன்ன அன்றைக்கே பட்டாபி வேஷ்டியை அவிழ்த்துப் பேண்ட் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். வயசு ஐம்பத்தெட்டு, உடம்பில் சர்க்கரை. மனைவி ராஜலக்ஷ்மி மத்திய அரசாங்கத்தில் செக்ஷன் ஆபீசர், குவார்ட்டர்ஸே அவள் பெயரில்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள்.

"தடுப்பூசி ஏதாவது வரட்டும். அப்பறம் போங்கோ."

"ஸ்டூடியோ என்னடி ஆறது?"

"அது பாட்டுக்கு இருக்கும்."

அது பாட்டுக்கு இருக்குமாம். இதைவிட மோசமாக ஒரு மனைவி கணவனைப் பார்த்துச் சொல்ல முடியுமா? தான் பின்னால் நிற்காவிட்டால் வெங்கி அணிலை எங்கே கொண்டு போய் வைப்பான் என்று அவருக்கல்லவா தெரியும்.

இப்போது நடப்பது ஆகஸ்ட். அணில் சாதாரண அணில் இல்லை. சாணக்யபுரியில் குழந்தைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனம். அதை நடத்தும் சுபாஷிணி மேடம், முகக்கவசம் போட்ட அணில் ஒன்று பள்ளிக்கூடம் போவதைப் பற்றி இருபத்துநான்கு பக்கப் புத்தகம் கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பிடித்துவிட்டால் இன்னும் பன்னிரண்டு புத்தகம். பிடிக்காவிட்டால் ஸ்டூடியோவை இழுத்து மூட வேண்டியதுதான். அந்த வருஷம் கல்யாணங்களே நடக்காததால் பத்திரிகை அடிக்கக்கூட ஆளில்லை. இன்றைக்குத் திங்கள், முடிந்திருந்தது ஏழு பக்கம்.

பட்டாபி ஒரு வழி கண்டுபிடித்தார். மொபைலிலும் அதே மீட்டிங்கில் சேர்ந்துகொண்டு, அதன் கேமராவை லேப்டாப் பக்கம் திருப்பிப் பிடித்தால் விரல் தெரியும் அல்லவா?

விரல் தெரிந்தது. கூடவே இரண்டு கருவிகளும் ஒன்றின் குரலை ஒன்று வாங்கி, சுற்றிச் சுற்றி, ஆலைச் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு ஊளை கிளம்பியது. அடுத்த அறையிலிருந்து ராஜலக்ஷ்மி ஓடி வந்தாள்.

"என்ன பண்றேள்? மீட்டிங்ல ஜாயின்ட் செக்ரட்டரி காதைப் பொத்திண்டுட்டார். உன் வீட்டுக்குப் பக்கத்துல ஃபாக்டரியான்னு கேக்கறார்."

"அணிலை நகர்த்தறேன்."

"அது தானா ஓடிடும். முதல்ல இதை அணைங்கோ."

செவ்வாய்க்கிழமை காலையில் பட்டாபி உத்தரவு போட்டார். காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை மூன்று பேரும் கேமராவை அணைக்கக் கூடாது. விரலை வைக்க முடியாவிட்டாலும் கண்ணையாவது வைக்கலாமே.

"எட்டு மணி நேரமா சார்?" என்றாள் ஜ்யோத்ஸ்னா.

"ஏன், ஸ்டூடியோல எட்டு மணி நேரம் நான் பின்னாடி நின்னுண்டிருக்கலையா?"

"இருந்தீங்க சார்" என்றான் பிரதீப். அதை ஏன் அவன் அவ்வளவு வருத்தமாகச் சொன்னான் என்று பட்டாபிக்குப் புரியவில்லை.

மூன்று பேரும் திரையில் வந்து உட்கார்ந்தார்கள். வெங்கிக்குப் பின்னால் பனிமலை. ஜ்யோத்ஸ்னாவுக்குப் பின்னால் கடல். பிரதீப்புக்குப் பின்னால் அலமாரி நிறையப் புத்தகம். பட்டாபி நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்த்தார். பதினொன்றரை மணிக்கு அவருக்கு மனசு நிறைந்து போயிற்று.

"பிரதீப்பைப் பாருங்கோ எல்லாரும். முக்கால் மணி நேரமாத் தலையைத் திருப்பலை. வேலைன்னா இது வேலை. டேய் வெங்கி, கத்துக்கோ."

"சார், பிரதீப் ஃப்ரீஸ் ஆயிட்டான் சார்."

"என்னது?"

"அது வெறும் படம் சார். நெட் அட்கிடுச்சு, அப்படியே நின்னுடுச்சு. பிரதீப் சாப்பிடப் போயிருக்கான்."

நெட் மாட்டிக்கொண்டது பிரதீப்பிடம் இல்லை, பட்டாபி வீட்டில். மூன்று பேருடைய முகத்தையும் காலையிலிருந்து இழுத்துப் போட்டதில் குவார்ட்டர்ஸ் வைஃபை மூச்சு விட முடியாமல் படுத்துவிட்டது. ராஜலக்ஷ்மி தன் மீட்டிங்கைத் தொடர லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். ஆகஸ்ட் மாத வெயில். அவள் இறங்கி வந்தபோது அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

அப்போதுதான் அவருக்கு அந்தப் பனிமலை உறுத்த ஆரம்பித்தது.

"வெங்கி, அந்த மலையை எடு."

"எதுக்கு சார்?"

"நீ எங்க இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நிஜமாவே மணாலிக்குப் போயிருந்தேன்னா?"

"நிஜமா மணாலில இருந்தா மணாலி படம் எதுக்கு சார் போடுவேன்?"

பட்டாபிக்கு இன்னும் கோபம் வந்தது. மூன்று பேரும் பின்புறத்தைக் காட்ட வேண்டும் என்றார்.

"சார், பின்னாடி மாமியார் படுத்திருக்காங்க" என்றாள் ஜ்யோத்ஸ்னா.

"நம்ம வீட்டுல கொடில துணி காயுதுங்க சார். எல்லாம் உள்துணிங்க" என்றான் பிரதீப்.

கல்யாணமான பெண்ணின் மாமியாரையும் பிரதீப்பின் உள்துணியையும் பார்த்தே தீருவேன் என்று ஒரு மரியாதைப்பட்ட மனுஷன் அடம் பிடிக்க முடியுமா? விட்டுவிட்டார். ஆனால் சந்தேகம் விடவில்லை. இதற்கு முந்தைய மீட்டிங்குகளில் பதினொன்றே கால் ஆனால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் டீ கிளாஸை எடுப்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே நேரத்தில் என்றால் ஒரே நேரத்தில். டீ குடிப்பதைக்கூடப் பேசி வைத்துக்கொண்டு குடிக்கிறார்கள் என்றால் வேறு என்னென்ன பேசி வைத்துக்கொண்டிருப்பார்கள்?

புதன்கிழமை அடுத்த உத்தரவு. ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தீர்கள் என்று ஆளாளுக்கு ஒரு ரிப்போர்ட் எழுதி அனுப்ப வேண்டும்.

பத்து மணிக்குப் போட்ட உத்தரவு. பதினொரு மணிக்கு மூன்று ரிப்போர்ட் வந்தன. வெங்கி, 'அணிலின் வால் வரைந்தேன்' என்று எழுதியிருந்தான். ஜ்யோத்ஸ்னா, 'வால் பக்கத்துக்குள் அடங்கவில்லை' என்று எழுதியிருந்தாள். பிரதீப் எழுத்தாளன் அல்லவா, நாலு பக்கம் எழுதியிருந்தான். அணில் பள்ளிக்கூடம் போவதா வேண்டாமா என்று தவிப்பதில் தொடங்கி, தன் சொந்த அலைச்சல்களையும் சேர்த்து, கடைசியில், 'இந்த ரிப்போர்ட் எழுதியதால் இந்த மணி நேரத்தில் வேறு வேலை செய்ய முடியவில்லை' என்று முடித்திருந்தான்.

பட்டாபி அதைப் படித்து, தப்புத் திருத்தி, 'ஒற்றுப் போடவும்' என்று ஓரத்தில் குறிப்பு எழுதி முடிப்பதற்குள் பன்னிரண்டு மணி ரிப்போர்ட்கள் வந்து விழுந்தன. அவற்றில் பிரதீப்புடையது ஆறு பக்கம். எத்தனை பக்கம் புத்தகம் முடிந்தது என்று பார்க்க அவருக்கு நேரமே இல்லை. பார்த்தபோது ஒன்பது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வீதம். இந்த வேகத்தில் போனால் வெள்ளிக்கிழமை பதினொரு பக்கத்தோடு சாணக்யபுரியில் போய் நிற்க வேண்டும். அணில் பள்ளிக்கூடத்துக்குப் பாதி வழியில் நிற்கும்.

பன்னிரண்டு வருஷம். காலையில் தானே பெருக்கி, தானே பூட்டைத் திறந்து, தானே பேரம் பேசி வளர்த்த இடம். இந்த மூன்று பேரும் வீட்டில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு அதைக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். அழுகை கூட வந்தது.

சரியாக அந்த நேரத்தில், பிற்பகல் இரண்டே முக்காலுக்கு, பனிமலையும் கடலும் புத்தக அலமாரியும் திரையிலிருந்து ஒன்றாக மறைந்தன.

பட்டாபி தன் வீட்டு மின்விசிறியைப் பார்த்தார். சுற்றிக்கொண்டிருந்தது. வைஃபை விளக்கைப் பார்த்தார். எரிந்தது. அரை மணி கழித்து மூன்று பேரும் ஒன்றாக வந்தார்கள்.

"எங்க போனேள் மூணு பேரும்?"

"கரன்ட் போயிடுச்சு சார்" என்றான் வெங்கி.

"எனக்கும் சார்" என்றாள் ஜ்யோத்ஸ்னா.

"நமக்குங்கூடங்க சார்" என்றான் பிரதீப்.

"நீ இருக்கறது துவாரகா, டெல்லி. நீ நொய்டா, உத்தரப் பிரதேசம். அவன் ஃபரிதாபாத், ஹரியானா. மூணு மாநிலத்துலயும் ஒரே செகண்டுல கரன்ட் போய் ஒரே செகண்டுல வந்ததா? மூணு முதலமைச்சரும் ஃபோன்ல பேசிண்டு ஸ்விட்சை அணைச்சாளா?"

பட்டாபிக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. யூனியன். மூன்று பேரைக் கொண்டு ஒரு யூனியன் அமைத்திருக்கிறார்கள். அவர் சம்பளத்தில், அவர் கம்ப்யூட்டரில், வேறு எவனுக்கோ வேலை செய்துகொண்டு, அதற்கு நடுவில் அவருக்கு எதிராக வேலைநிறுத்தமும் செய்கிறார்கள்.

"போறும். வீட்டுல இருந்து கிழிச்சது போறும். நாளைக்கே எல்லாரும் ஸ்டூடியோவுக்கு வாங்கோ. நானும் வரேன். என் கண்ணு முன்னாடி உக்காந்து வேலை பண்ணுங்கோ."

இப்படி ஒரு பதற்றத்தை அவர் அந்த மூன்று முகங்களில் பார்த்ததே இல்லை.

"வேணாம் சார்" என்றான் வெங்கி. "பஹுத் ரிஸ்க் சார்."

"உங்களுக்கு சுகர் இருக்கு சார்" என்றாள் ஜ்யோத்ஸ்னா. "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஸ்டூடியோவே இல்ல சார்."

"அங்க காத்தோட்டமே கெடையாதுங்க சார்" என்றான் பிரதீப். "நீங்க வூட்டுலயே பத்திரமா இருங்க சார்."

பட்டாபி ஒரு நிமிஷம் உருகிவிட்டார். ஒரே ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம், இதையும் பேசி வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள் என்று தோன்றிவிட்டது.

"என் உடம்பைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம். நன்றி கெட்டவா நீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள புத்தகம் வரலைன்னா மூணு பேரும் வேற இடம் பாத்துக்கோங்கோ. அதுவரைக்கும் உங்க மூஞ்சியைப் பாக்க எனக்குப் பிடிக்கலை."

சொல்லிவிட்டு எதையோ அழுத்தினார். மீட்டிங் எல்லோருக்குமாகச் சேர்ந்து முடிந்துபோயிற்று. ஆத்திரம் தணிந்து மறுபடி திறக்கப் போனபோது பாஸ்வேர்டு நினைவில்லை. அதை ஜூன் மாதம் போட்டுக் கொடுத்தது வெங்கி. அவனிடம் போய்க் கேட்பதற்குப் பட்டாபி என்ன மானங்கெட்டவரா?

கேட்கவில்லை. வியாழக்கிழமை முழுவதும் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் போகும் முறை ராஜலக்ஷ்மிக்கு; அன்றைக்குப் போய்விட்டு வந்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜுரம் இல்லையே. ஏன் இப்படிக் கெடக்கேள்?"

"என் ஸ்டூடியோ போச்சு ராஜி."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபோன் அடித்தது. சுபாஷிணி மேடம். கழுத்தில் கத்தி விழப் போகிறது என்று நினைத்துக்கொண்டே எடுத்தார்.

"சார், புத்தகம் நேத்து சாயங்காலமே வந்துடுச்சு. நானே படிச்சேன். ரொம்ப அழகா இருக்கு."

"எது?"

"அணில் புத்தகம் சார். இருபத்துநாலு பக்கமும் அனுப்பிட்டாங்களே உங்க பசங்க. உண்மையைச் சொல்லட்டுமா? உங்ககிட்ட எத்தனையோ வேலை கொடுத்திருக்கோம். சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாடி வந்தது இதுதான் முதல் தடவை. திருத்தமே இல்லாம வந்ததும் இதுதான் முதல் தடவை. மத்த பன்னிரண்டு புத்தகமும் உங்களுக்குத்தான்."

ஃபோனை வைத்துவிட்டுப் பட்டாபி கூடத்தில் இரண்டு தடவை நடந்தார். மூன்று நாளில் இரண்டு பக்கம் போட்டவர்கள் ஒரே நாளில் பதினைந்து பக்கம் போட்டிருக்கிறார்கள். எதனால்? யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் போட்ட அதட்டலினால். தொலைவிலிருந்து போட்ட ஒரே ஓர் அதட்டலுக்கு இவ்வளவு பலன் என்றால், நேரில் போய்ப் பின்னால் நின்றால் பன்னிரண்டு புத்தகமும் தீபாவளிக்குள் முடிந்துவிடுமே.

முடிவு செய்துவிட்டார். இன்றைக்கே ஸ்டூடியோவுக்குப் போய், தன் நாற்காலியில் உட்கார்ந்து, அங்கிருந்து மூன்று பேரையும் கூப்பிட வேண்டும். சர்க்கரை வியாதிக்காரன், ஐம்பத்தெட்டு வயசு, நானே வந்துவிட்டேன், உங்களுக்கு என்ன கேடு என்று கேட்டால் வெட்கப்பட்டாவது வருவார்களா மாட்டார்களா?

ராஜலக்ஷ்மி ஆபீஸ் போயிருந்தாள். இரண்டு முகக்கவசம் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் முகத்தை மறைக்கும் பிளாஸ்டிக் தடுப்பையும் மாட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்தார். "ஜல்தி சலோ பையா" என்று வழி முழுக்க விரட்டினார். ஐந்து மாதம் கழித்துக் கோல் மார்க்கெட்டைப் பார்த்ததும் மீதிச் சில்லறைகூட வாங்காமல் இறங்கினார்.

மாடிப்படிக்குப் பக்கத்தில் காபிப்பொடிக் கடை திறந்திருந்தது. கடைக்காரர் மாணிக்கவாசகம் திருநெல்வேலிக்காரர், முப்பது வருஷமாக அங்கே காபிக்கொட்டை வறுத்துக்கொண்டிருப்பவர். அவருக்கு ஆளை அடையாளம் தெரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"அட, பட்டாபி சாரா? வாங்க, வாங்க. பாத்து எத்தன நாளாச்சு. ஒடம்பு நல்லாருக்கா?"

"இருக்கேன். ஸ்டூடியோவைத் திறக்கலாம்னு வந்தேன்."

"திறக்கவா? அது தெறந்துதான சார் கெடக்கு."

மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்று பேர் சிரிக்கிற சத்தம். பட்டாபி படியில் வைத்த காலை எடுத்துவிட்டார்.

"மேல யாரு?"

"யாரு, நம்ம பிள்ளேள்தான். வெங்கி, பிரதீப்பு, அந்தப் பொண்ணு. ஜூன்ல ஆபீஸ் தெறக்கலாம்னு சொன்ன மறுநாளே மூணு பேரும் கம்ப்யூட்டரத் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்கல்லா. நீங்க நம்ம கடைல குடுத்து வெச்ச மாத்துச் சாவிய வாங்கித்தான் தெறந்தாங்க. காலைல ஒம்பதுக்கு வந்தா ஆறரைக்குக் கெளம்புவாங்க. ஒரு நாள் தவறல சார். கரன்ட் போனா நம்ம கடைல வந்து உக்காந்து காத்திருப்பாங்க."

பட்டாபிக்குக் கோபம் வந்தது. ஐந்து மாதத்தில் வந்த கோபத்தையெல்லாம் விடப் பெரிய கோபம். படியேறிப் போய் மூன்று பேரையும் உண்டு இல்லை என்று ஆக்கிவிடலாம் என்று இரண்டு படி ஏறினார்.

மூன்றாவது படியில் நின்றார். மெல்ல மெல்ல அவருக்கு விஷயம் வேறு மாதிரி விளங்கியது. வீட்டிலேயே இருங்கள், சம்பளம் வந்து சேரும் என்று சொன்ன பிறகும், நோய் பரவுகிற ஊரில், மூன்று திசையிலிருந்து தினமும் கிளம்பி வந்திருக்கிறார்கள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? இந்த ஸ்டூடியோவை விட்டு அவர்களால் இருக்க முடியவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவர் ஊட்டி வளர்த்த பக்தி. இந்தக் குழந்தைகளையா நன்றி கெட்டவர்கள் என்று திட்டினோம்? கண் கலங்கி, பிளாஸ்டிக் தடுப்புக்குள் ஆவி படிந்து, மாணிக்கவாசகத்தின் முகம் மங்கலாகத் தெரிந்தது.

"பாத்தீரா மாணிக்கவாசகம், இதுதான் விசுவாசம். எங்கிட்ட ஒரு வார்த்தை மூச்சு விடலை பாருங்கோ. ஏன் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். என் உடம்பை நினைச்சுப் பயந்திருக்கா, பாவம்."

மாணிக்கவாசகம் அளந்துகொண்டிருந்த காபிப்பொடியைக் கீழே வைத்தார்.

"ஒடம்பப் பத்தி ஒண்ணும் சொல்லலியே சார். உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களும் கெளம்பி வந்துருவீங்கன்னுல்லா சொன்னாங்க."